‘பியர் ரிவ்யூ ஆன கட்டுரை, இதுக்கு மேல என்ன வேணும்?’

கேள்வி: என் அண்ணன் ஒரு சத்து மாத்திரை பற்றிய ஆய்வுக் கட்டுரையை அனுப்பி, அப்பாவுக்குத் தினமும் கொடுக்கலாம் என்கிறார். மாரடைப்பு வரும் வாய்ப்பு 50 சதவீதம் குறைகிறது என்று அதில் இருக்கிறது. எனக்குச் சந்தேகம். ஆனால் கேட்டால், "பியர் ரிவ்யூ ஆன கட்டுரை, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று வாயை அடைத்துவிடுகிறார். நானே படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்; இரண்டாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நான் பி.காம். முடித்துக் கணக்குத் துறையில் வேலை செய்கிறேன், அறிவியல் பள்ளியோடு சரி. பியர் ரிவ்யூவில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? என்னைப் போன்றவர்கள் இந்தக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது? அதில் குறிப்பிட்டிருக்கும் இன்னொரு கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது. கட்டலாமா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. நாலு பேர் பார்த்துக் கேள்வி கேட்ட கட்டுரை, யாரும் பார்க்காத கட்டுரையைவிட ஒரு படி மேல்தான். ஆனால் "இதுக்கு மேல என்ன வேணும்" என்று அவர் கேட்டால், நிறைய வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். நான் மருத்துவப் புள்ளியியல் துறையில் இருப்பவன். ஆய்விதழ்கள் அனுப்பும் கட்டுரைகளைப் படித்துக் கருத்து எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால், கட்டுரையை எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

ஆய்வாளர்கள் கட்டுரையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார்கள். முதலில் பார்ப்பவர் ஆசிரியர். இது நம் இதழுக்கு ஏற்ற விஷயமா, அடிப்படைத் தரம் இருக்கிறதா என்று பார்த்து, பெரிய இதழ்களில் பெரும்பாலான கட்டுரைகளை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். தேறியவை அதே துறையில் ஆய்வு செய்யும் இரண்டு மூன்று பேரிடம் போகும். இவர்கள்தான் ரிவ்யூவர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சொந்த ஆய்வு, வகுப்பு எல்லாம் முடித்து, மிச்ச நேரத்தில் பார்ப்பார்கள். கட்டுரையை எழுதியவர் யார் என்று ரிவ்யூவருக்குத் தெரியும், ரிவ்யூவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது என்பதே பல துறைகளில் வழக்கம். இரண்டு பக்கமும் பெயரை மறைக்கும் இதழ்கள் உண்டு. எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்து, ரிவ்யூவர் எழுதியதையும் சேர்த்தே வெளியிடும் இதழ்களும் இப்போது இருக்கின்றன.

சில வாரங்களோ பல மாதங்களோ கழித்துக் கருத்துகள் வரும். அப்படியே ஏற்றுக்கொள்வது அபூர்வம். "இந்த அட்டவணையில் கூட்டுத்தொகை இடிக்கிறது", "வயதைக் கணக்கில் எடுத்தீர்களா", "முடிவுரையில் சொல்வதற்குத் தரவில் ஆதாரம் இல்லை" என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எழுதியவர்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும். நிராகரித்துவிட்டால்? அதே கட்டுரை அடுத்த இதழுக்குப் போகும். அங்கேயும் இல்லையென்றால் அதற்கடுத்தது. ஏதாவது ஓர் இதழில் இடம் கிடைத்துவிடும் என்பதுதான் நடைமுறை. "பியர் ரிவ்யூ ஆனது" என்ற முத்திரை, இது எத்தனை இடத்தில் திரும்பி வந்த கட்டுரை என்பதைச் சொல்வதில்லை.

இப்போது முக்கியமான இடம். நீங்கள் கணக்குத் துறை என்பதால் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆடிட்டர் பில்லையும் வவுச்சரையும் வங்கிக் கணக்கையும் எடுத்துப் பார்ப்பார். ரிவ்யூவர் பார்ப்பது அச்சடித்துக் கொடுத்த ஐந்தொகையை மட்டும். கட்டுரையில் எழுதியிருப்பது ஒன்றோடொன்று பொருந்துகிறதா, முறை சரியா, முடிவு மிகையா என்று அவரால் சொல்ல முடியும். கட்டுரையில் 200 நோயாளிகள் என்று இருந்தால் அவர்கள் உண்மையில் இருந்தார்களா, இரத்தப் பரிசோதனை எண்கள் சரியாகப் பதிவானவையா என்பது பெரும்பாலும் அவர் கண்ணுக்கே வராது. ஆய்வை அவர் மறுபடி செய்து பார்ப்பதில்லை. மூலத் தரவையே பல நேரம் யாரும் அனுப்புவதில்லை. எழுதியவர்கள் நேர்மையானவர்கள் என்று நம்பித்தான் படிக்க ஆரம்பிக்கிறோம்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு 2020-இல் நடந்தது ஒன்று போதும். ஹைட்ராக்சிகுளோரோகுவின் கொடுத்த கொரோனா நோயாளிகளில் இறப்பு அதிகம் என்று, உலகெங்கும் 96,032 நோயாளிகளின் தரவு இருப்பதாகச் சொல்லி, மே 22 அன்று ‘லான்செட்’ ஒரு கட்டுரையை வெளியிட்டது. பியர் ரிவ்யூ ஆன கட்டுரைதான். உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்து கொடுப்பதைச் சில நாள் நிறுத்தியே வைத்தது. அச்சில் வந்ததும் வெளியாட்கள் எண்களைத் துருவ ஆரம்பித்தார்கள். மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது, அதை வைத்திருந்ததாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் தரவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ரிவ்யூவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். அது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கையில் தராத ஒன்றை யாராலும் சரிபார்க்க முடியாது. மாறாக, 1998-இல் அதே இதழில் 12 குழந்தைகளை வைத்துத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டுக் காட்டிய கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது 2010-இல். ஒன்றுக்கு 13 நாள், மற்றொன்றுக்கு 12 ஆண்டு.

பேப்பரிலேயே தெரியும் தவறுகளையாவது ரிவ்யூவர்கள் பிடிப்பார்களா? இதையும் சோதித்திருக்கிறார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கட்டுரைக்குள் வேண்டுமென்றே 8 குறைகளை வைத்து, ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ தன் ரிவ்யூவர்களுக்கு அனுப்பியது. பதில் எழுதிய 221 பேர் சராசரியாகப் பிடித்தது 2. ஒன்றைக்கூடப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். 2014-இல் நிப்ஸ் என்ற பெரிய கணினி அறிவியல் மாநாட்டில் 166 கட்டுரைகளை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டுரைக்கு, ஒரு குழு சரி என்றால் மற்றது வேண்டாம் என்றது. எந்த ரிவ்யூவர் வாய்க்கிறார் என்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. துறைக்குள் இருப்பவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்னதும், அப்படியானால் இதெல்லாம் வெறும் சடங்கா என்று தோன்றும். இல்லை. 1936-இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் என்று ஒன்று இருக்க முடியாது என்று ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’வுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஆசிரியர் அதை ஒரு ரிவ்யூவரிடம் கொடுக்க, அவர் பிழையைச் சுட்டிக்காட்டி நீளமாக எழுதி அனுப்பினார். அச்சுக்கு முன் அதை இன்னொருவரிடம் காட்ட யார் அனுமதி கொடுத்தது என்று ஐன்ஸ்டைனுக்குக் கோபம். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த ஆண்டு வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. பிழையைச் சுட்டிய எச். பி. ராபர்ட்சன் சொன்னது சரி. 2015-இல் ஈர்ப்பலைகளைக் கருவியிலேயே பிடித்துவிட்டார்கள். ஐன்ஸ்டைனுக்கே ஒரு ரிவ்யூவர் தேவைப்பட்டார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரிந்து, அச்சில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதலில் அனுப்பியதைவிட நிதானமாக, மிகை குறைந்துதான் வெளிவருகின்றன. அந்த வேலையை ரிவ்யூ செய்கிறது. உண்மைக்கு உத்தரவாதம் கொடுப்பது அதன் வேலையே இல்லை.

சரி, படிக்கும் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இரண்டாம் பக்கத்தில் நின்றதற்குக் காரணம், முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்ததுதான். யாரும் அப்படிப் படிப்பதில்லை, நானும்தான். சுருக்கம், முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற வரிசை எழுதுபவருடையது. நான் சுருக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நேரே அட்டவணைகளுக்குப் போவேன். பிறகு முறை. விவாதப் பகுதி கடைசியில்தான், ஏனென்றால் அங்கே எழுதியவர் தன் ஆய்வுக்காகத் தானே வாதாடுவார். முன்னுரையைப் பல நேரம் தொடுவதே இல்லை. சொற்கள் புரியாவிட்டால் பரவாயில்லை, அட்டவணையில் இருக்கும் எண்களைப் பாருங்கள். அதில் உங்களுக்கு இருக்கும் பழக்கம் பல டாக்டர்களுக்கு இருக்காது.

முதல் கேள்வி, அந்த 50 சதவீதம் எதில் 50 சதவீதம்? ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வந்தது ஒருவருக்குக் குறைந்தாலும் 50 சதவீதம்தான். நூறு பேரில் இருபது பத்தானாலும் 50 சதவீதம்தான். முதலாவதில் ஒருவருக்குப் பயன்பட ஆயிரம் பேர் மாத்திரை விழுங்க வேண்டும். இரண்டாவதில் பத்துப் பேர் போதும். சுருக்கத்தில் சதவீதத்தை மட்டும் போட்டு, ஆள் கணக்கை அட்டவணைக்குள் வைப்பது சாதாரணமாக நடக்கும். தேடி எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘95% நம்பிக்கை இடைவெளி’ என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு, ஆபத்து விகிதம் 0.5, இடைவெளி 0.2 முதல் 1.3 வரை என்று போட்டிருந்தால், மாத்திரை ஆபத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கலாம், 30 சதவீதம் கூட்டியும் இருக்கலாம், இந்தத் தரவை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அர்த்தம். 1 என்றால் மாத்திரையால் வித்தியாசமே இல்லை என்று பொருள்; அந்த 1 இரண்டு எண்களுக்கும் நடுவில் வருகிறதா என்று பார்ப்பது ஐந்து விநாடி வேலை.

பி-மதிப்பு என்று ஒன்று வரும், 0.05-க்குக் கீழே இருந்தால் எல்லோரும் கொண்டாடுவார்கள். மாத்திரைக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் தற்செயலால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிய எத்தனை வாய்ப்பு என்பதுதான் அது. முடிவு தவறாக இருக்க 5 சதவீதம்தான் வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. ஆய்வாளர்களே இதைக் குழப்பிக்கொள்வது உண்டு. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே ஆய்வில் இருபது விஷயங்களை அளந்தால், மாத்திரை ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரியாக ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் இதை வைத்தே 2015-இல் ஒரு விளையாட்டுக் காட்டினார். 15 பேரை வைத்து 18 விஷயங்களை அளந்து, சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும் என்று ஒரு கட்டுரை போட்டார். ஓர் இதழ் வெளியிட்டது, பல நாட்டுப் பத்திரிகைகள் தலைப்புச் செய்தியாக்கின. ஆகவே எத்தனை பேர், எத்தனை விஷயம் அளந்தார்கள் என்று எண்ணுங்கள்.

இந்தத் தந்திரத்துக்கு ஒரு கடிவாளமும் இருக்கிறது. நல்ல மருத்துவப் பரிசோதனைகள், தொடங்கும் முன்பே எதை முதன்மை விளைவாக அளக்கப் போகிறோம் என்று ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதி வைத்துவிடும். கட்டுரையில் பதிவு எண் இருக்கும். அமெரிக்கப் பதிவேடாக இருந்தால் ‘என்சிடி’ என்று ஆரம்பித்து எட்டு இலக்கங்கள். அந்த எண்ணைத் தேடினால் முதலில் என்ன சொன்னார்கள் என்று தெரியும். அங்கே ‘மாரடைப்பு’ என்று இருந்து, கட்டுரையில் ‘இரத்தத்தில் ஒரு பொருளின் அளவு’ என்று மாறியிருந்தால், நான் அந்த இடத்திலேயே கட்டுரையை மூடிவிடுவேன். பதிவு எண்ணே இல்லாத மாத்திரைப் பரிசோதனையை அதற்கு மேலும் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

எண்களைவிட முக்கியமானது ஆய்வு எந்த வகை என்பது. மாத்திரை யாருக்கு, வெறும் மாவு மாத்திரை யாருக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்தார்களா? அல்லது ஏற்கெனவே தாங்களாகச் சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டார்களா? இரண்டாவது வகையில் ஒரு பெரிய சிக்கல். சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சியும் போவார், புகை பிடிக்க மாட்டார், டாக்டரையும் ஒழுங்காகப் பார்ப்பார். ஆரோக்கியத்துக்கு மாத்திரை காரணமா, அந்த ஆள் காரணமா?

பீட்டா கரோட்டின் கதை இதற்குப் பாடம் மாதிரி. அது நிறைந்த காய்கனிகளை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் மாத்திரையாகவே கொடுத்துவிடலாமே என்று ஃபின்லாந்தில் புகை பிடிக்கும் 29,133 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் அதிகம். முந்தைய ஆய்வுகளும் பியர் ரிவ்யூ ஆனவைதான், அவற்றில் யாரும் பொய் சொல்லவும் இல்லை. அந்த வகை ஆய்வு சொல்லக்கூடியது அவ்வளவுதான். உங்கள் அண்ணனிடம் காட்ட ஒரே ஓர் உதாரணம் வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள், சத்து மாத்திரை என்றாலே தீங்கில்லை என்ற நினைப்பும் சேர்ந்து போகும்.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், பணம் கொடுத்தது யார், எழுதியவர்களுக்கு அதில் ஆதாயம் உண்டா என்று இருக்கும். மாத்திரை விற்கும் நிறுவனமே பணம் கொடுத்திருந்தால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. மற்றதையெல்லாம் இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அப்புறம், எந்த இதழ் என்று பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு ரிவ்யூ செய்ததாகப் பெயருக்குச் சொல்லி வெளியிடும் இதழ்கள் ஏராளம். மேலே சொன்ன அதே பொஹானன் 2013-இல், படித்த யாருக்கும் கண்ணில் படக்கூடிய ஓட்டைகளோடு ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 ஏற்றுக்கொண்டன. சில நாளில் வெளியிடுவோம் என்று விளம்பரம் செய்வது, புகழ்பெற்ற இதழின் பெயரையே கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்வது, ஆசிரியர் குழுவில் இருப்பவர்களைத் தேடினால் எங்கும் கிடைக்காமல் இருப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் வருகிறது என்பதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு தேடல் பட்டியல். கட்டுரை ‘மெட்ஆர்க்சைவ்’, ‘பயோஆர்க்சைவ்’ போன்ற தளத்திலிருந்து வந்திருந்தால் அது முன்பதிப்பு, யாரும் இன்னும் ரிவ்யூ செய்யாதது. அண்ணன் அதைத்தான் பியர் ரிவ்யூ ஆனது என்று நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். பிடிஎஃப் கோப்பில் தேதி பழையதாகவே நின்றுவிடும் என்பதால், இதழின் இணையப் பக்கத்திலேயே கட்டுரையைத் திறந்து, திருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தளத்தின் பட்டியலிலும் தேடலாம்.

இவ்வளவும் ஒரே கட்டுரையைப் பற்றி. ஆனால் ஒரு கட்டுரையை வைத்து அப்பாவுக்கு மாத்திரை முடிவு செய்யாதீர்கள், அது எவ்வளவு நல்ல கட்டுரையாக இருந்தாலும். உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகத் தேறியவை. மறுபடி செய்ததில் தேறியவை 36 சதவீதம். மருத்துவம் வேறு துறைதான், ஆனால் ஒரே ஆய்வு தனியாக நிற்கும்போது காத்திருக்கும் பழக்கம் எல்லாத் துறைக்கும் பொருந்தும். அந்த மாத்திரையின் பெயரோடு ‘முறைசார் மீளாய்வு’ என்ற வகைக் கட்டுரையைத் தேடுங்கள். ஒரு கேள்விக்கு வந்த எல்லா ஆய்வுகளையும் திரட்டி, தரம் பார்த்து, சேர்த்துக் கணக்குப் போட்டு எழுதுவது அது. காக்ரேன் அமைப்பு 1993 முதல் இதையே வேலையாகச் செய்கிறது. அதன் மீளாய்வுகளில் எளிய மொழிச் சுருக்கமும் இருக்கும். அண்ணன் அனுப்பிய ஆய்வு அதற்குள் சேர்ந்திருக்கிறதா, எப்படி மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அப்பா வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுகிறார் என்றால் கட்டுரையைவிட முதலில் அவருடைய டாக்டரிடம் கேட்க வேண்டியது, இது அவற்றோடு சேருமா என்பதுதான். குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை என்றால், கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

அண்ணனிடம் "உன் கட்டுரை குப்பை" என்று போனால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அண்ணா, இதுல எத்தனை பேரைப் பார்த்தாங்க, குலுக்கல்ல பிரிச்சாங்களா, மாரடைப்பை அளந்தாங்களா இல்ல இரத்தத்தை மட்டும் அளந்தாங்களா?" என்று மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் தேட அவரும் முறைப் பகுதியைத் திறந்தாக வேண்டும்.

பணம் விஷயம். கட்ட வேண்டாம். கட்டுரையின் முழுத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு, கீழே ‘அனைத்துப் பதிப்புகள்’ என்று வருவதைத் திறந்தால் பல நேரம் இலவசப் பிரதி கிடைக்கும். பப்மெட் சென்ட்ரலில் பல மருத்துவக் கட்டுரைகள் முழுமையாக இருக்கும். ‘அன்பேவால்’ என்ற பிரவுசர் நீட்டிப்பு, சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதியைத் தானாகவே தேடிக் காட்டும். எதுவும் இல்லையென்றால், கட்டுரையின் முதல் பக்கத்தில், எழுதியவர்களில் தொடர்புக்குரியவரின் மின்னஞ்சல் இருக்கும். நீங்கள் கட்டும் பணத்தில் அவருக்கு ஒரு பைசா போவதில்லை, தன் கட்டுரையை யாரோ கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே அனுப்புவார்கள். இரண்டு வரி போதும்: கட்டுரையின் தலைப்பு, என் அப்பாவுக்காகப் படிக்கிறேன், பிரதி அனுப்ப முடியுமா. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு எழுதுங்கள்.